60 மில்லிமீட்டர் கார்பன் சக்கரம்: 85,000 ரூபாய்க்கு எத்தனை நிமிடம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 41, எடை 56 கிலோ. கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஓராண்டாகப் பயிற்சி செய்து வருகிறேன். டிஸ்க் பிரேக் உள்ள சாதாரண அலுமினிய ரோடு பைக்கில் மணிக்கு 28 முதல் 30 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன். புதுச்சேரியில் ஒருவர் ரிம் (விளிம்பு வளையம்) 60 மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் சக்கரங்களை ஜோடி 85,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மிதிக்கும் சக்தியில் 20 வாட் மிச்சமாகும் என்கிறார். இந்த வாரத்துக்குள் 10,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். இந்தச் சக்கரங்களைப் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடுமா?

பதில்: வேகம் கூடும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி கூடாது. நீங்கள் சொல்லும் வேகத்தில், போட்டியின் சைக்கிள் பகுதியான 90 கிலோமீட்டரை ஓட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதில் இந்தச் சக்கரங்கள் உங்களுக்குச் சுமார் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தித் தரலாம். அந்த இரண்டு நிமிடம் 85,000 ரூபாய் பெறுமா என்பதை உங்கள் பணப்பைதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த விற்பனையாளர் சொன்ன 20 வாட் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஏமாற்று வேலை தொடங்குவதே அந்த எண்ணில்தான்.

காற்றுச் சுரங்கம் எனும் சோதனைக்கூடத்தில் சக்கரங்களைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் மணிக்கு 45 அல்லது 48 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை அடிக்க விட்டு அளக்கிறார்கள். அது தொழில்முறை வீரர்களின் வேகம்; கடலூர் சாலையில் காலை ஐந்தரை மணிக்குப் பால் வண்டிக்கு வழிவிட்டு ஓட்டுகிறவரின் வேகம் அல்ல. காற்றை எதிர்த்து ஓட்டத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால், 48 கிலோமீட்டர் வேகத்தில் 20 வாட்டாக இருக்கும் சேமிப்பு 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கில் ஒரு பங்காக, ஐந்து வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஐந்தும் பழைய காலத்து மெலிந்த ரிம்மோடு ஒப்பிட்டுச் சொன்னதாகவே இருக்கக்கூடும். உங்கள் அலுமினியச் சக்கரம் அவ்வளவு மோசமானது அல்ல என்பதால் நான்கு வாட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடைக்கும் வேகத்துக்கும் கணக்கிட்டால் அது மணிக்குச் சுமார் 350 மீட்டர் கூடுதல் வேகம். உங்கள் ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டரே நொடிக்கு நொடி ஒரு கிலோமீட்டர் ஏறி இறங்கும்போது, இந்தக் கூடுதலைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது?

இங்கே விற்பனையாளர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "இவையெல்லாம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான்" என்று பயிற்சியாளர்கள் சிலர் சொல்வது சரியல்ல. மெதுவாக ஓட்டுகிறவருக்கு மிச்சமாகும் வாட் குறைவு. ஆனால் அவர் அதிக நேரம் சாலையில் இருக்கிறார். ஆகவே நாற்பதில் ஓட்டுகிறவருக்கும் முப்பதில் ஓட்டுகிறவருக்கும் 90 கிலோமீட்டரில் கிடைக்கும் நிமிடக் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆனால் காற்று தடுப்பது முக்கியமாகச் சக்கரத்தை அல்ல, உங்களை. மொத்தக் காற்றுத் தடையில் முக்கால் பங்கை ஒட்டி ஓட்டுகிறவரின் உடம்பே உண்டாக்குகிறது. உங்கள் போட்டியில் முன்னால் போகிறவரின் நிழலில் ஒதுங்கவும் முடியாது. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. எனவே நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவர் ஹேண்டில்பாரில் முன்னோக்கி நீட்டிப் பொருத்தும் ஏரோபாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டக் கற்றுக்கொண்டால், முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறத்தாழ 20 வாட் மிச்சமாகும். விற்பனையாளர் வாயால் சொன்ன அதே 20 வாட், இங்கே மெய்யாகவே கிடைக்கிறது. 90 கிலோமீட்டரில் அது எட்டு முதல் பத்து நிமிடம். நீங்கள் ஏரோபாரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். இருக்கிறதென்றால், மூன்று மணி நேரத்தில் எத்தனை நிமிடம் அதில் படுத்து ஓட்டுகிறீர்கள் என்று நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். கழுத்து வலிக்கிறது என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்துவிடுகிறவருக்கு எந்தச் சக்கரமும் உதவாது. முதுகில் தொளதொளச் சட்டை படபடக்க ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான்.

அடுத்தது டயர். பைக்கோடு வந்த தடித்த பயிற்சி டயரைக் கழற்றிவிட்டு நல்ல பந்தய டயரும் மெல்லிய டியூபும் போட்டால் உங்கள் எடைக்குப் பத்து வாட் வரை மிச்சமாகும். ஐந்து நிமிடத்தை ஒட்டிய ஆதாயம். செலவு சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டயரில் தரகு குறைவு.

சக்கரத்தின் எடையைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது முந்நூறு கிராம் குறைவதால் ஒன்றும் ஆகாது.

இனி உங்களுக்கென்றே விரிவாகச் சொல்ல வேண்டியது பக்கக்காற்று. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரருக்குக் காற்றைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் சக்கரத்தின்மேல் அது எப்படி விழுகிறது என்பது வேறு கதை. கடலூர்–புதுச்சேரிச் சாலை கடற்கரைக்கு இணையாகப் போகிறது. முற்பகல் ஏறிய பிறகு எழும் கடற்காற்று, போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் விலாவில் அடிக்கும். ஆழமான ரிம்முக்கு மிதமான பக்கக்காற்று நல்லது. பாய்மரத்தைப் போல அது கொஞ்சம் உந்துதலைக்கூடத் தரும். சிக்கல் சீரான காற்றில் இல்லை, திடீர் வீச்சில் இருக்கிறது. வீடும் தோப்பும் மறைத்துக்கொண்டிருந்த காற்று, சுண்ணாம்பாற்றுப் பாலத்திலோ தென்பெண்ணைப் பாலத்திலோ ஏறியதும் ஒரேயடியாக வந்து அறையும். அதே நேரத்தில் தனியார் பேருந்து ஒன்று உரசிக்கொண்டு முந்தினால், அது காற்றைத் தடுத்து, பிறகு விட்டு, மறுபடியும் அடிக்க வைக்கும். 60 மில்லிமீட்டர் முன்சக்கரம் அப்போது ஹேண்டில்பாரைத் தானாகத் திருப்பப் பார்க்கும். எண்பது கிலோ ஆள் தோளால் அழுத்திச் சமாளித்துவிடுவார். 56 கிலோவில் நீங்கள் பயந்து ஏரோபாரை விட்டு நிமிர்வீர்கள். நிமிர்ந்த அந்த நொடியிலேயே, நான்கு வாட் மிச்சம் பிடிக்கப் போய் இருபது வாட்டை இழக்கிறீர்கள். விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

இது மெலிந்தவர்களின் கோழைத்தனம் என்று யாராவது கேலி செய்தால், ஹவாய்த் தீவில் கோனா நகரில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் முழுக்க மூடிய டிஸ்க் சக்கரத்துக்கே நெடுங்காலம் தடை இருந்ததைச் சொல்லுங்கள். எரிமலைக் குழம்பு உறைந்த வெட்டவெளியில் அடிக்கும் பக்கக்காற்றுதான் காரணம். உலகின் தலைசிறந்த வீரர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு இருந்தது. வேறு பல போட்டிகளில் பின்சக்கரத்துக்கு மட்டும் டிஸ்க்கோ மூடியோ அனுமதிக்கப்படுகிறது. பின்சக்கரம் திசைதிருப்புவதில்லை, உங்கள் எடையின் பெரும்பகுதியும் அதன்மேல்தான் இருக்கிறது. ஆகவே அங்கே ஆழம் இருந்தாலும் வண்டி தள்ளாடாது. உங்களைப் போன்ற எடை குறைந்தவருக்கு முன்னால் 35 அல்லது 40 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதே என் முடிவு. பின்னால் வேண்டுமானால், இப்போது இருக்கும் சக்கரத்தின் மேலேயே பொருத்தும் மெல்லிய பிளாஸ்டிக் மூடியை வாங்கலாம். விலை கார்பன் சக்கர விலையில் ஒரு சிறு பங்குதான். ஸ்போக்குகள் காற்றைக் கடைவதை அது நிறுத்திவிடுவதால் வேலையும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. உங்கள் போட்டிக்கான வீரர் கையேட்டில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி அந்த முன்பணத்துக்கு வருகிறேன். "பாண்டி பில் போட்டால் வரி குறையும்" என்று சொல்லியிருப்பாரே? மதுபானத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விலை வேறுபாட்டைக் காட்டியே இந்த ஊரில் எல்லாவற்றையும் விற்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு சைக்கிள் பாகத்துக்கு, எல்லையில் உள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிதான். மலிவாகக் கிடைக்கிறது என்றால், ஒன்று பில் இல்லை, அல்லது வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் எடுத்துவந்த சரக்கு, அல்லது பெயர் தெரியாத ரிம்மின் மேல் பெரிய நிறுவனத்தின் ஸ்டிக்கர். மூன்றிலுமே உத்தரவாதம் கிடையாது. அலுமினியம் வளைந்து எச்சரிக்கும்; கார்பன் எச்சரிக்காமல் உடையும். என்னிடம் பழுது பார்க்க வந்த ஒரு ஜோடியில் அழகான ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தபோது அடியில் ஸ்போக் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தால் "குழியில் விட்டிருப்பார்கள்" என்றார். பில் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு எடுபடுவதும் கடினம். இதில் பயிற்சியாளர் என்று பெயர் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஜோடிக்கும் தரகு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தலைவலி மாத்திரை அட்டையில் ஆயிரம் விவரம் அச்சிடச் சொல்லும் நாட்டில், 20 வாட் மிச்சம் என்று எழுதுகிறவரை எந்த வேகத்தில், எந்தச் சக்கரத்தோடு ஒப்பிட்டு என்று கேட்க ஓர் அதிகாரியும் இல்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. புதிய கார்பன் ரிம்கள் பலவற்றில் டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் மடிப்பு இருப்பதில்லை; அவற்றை ஹூக்லெஸ் என்கிறார்கள். அவற்றுக்கு டியூப்லெஸ் வகை டயர்தான் போட வேண்டும், காற்றழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. நம் பங்சர் கடையில் ரோடு பைக் என்றாலே நூறு வரை அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குது சார்" என்று அனுப்பி வைப்பார்கள். ஹூக்லெஸ் ரிம்மில் அப்படி அடித்தால் ஓடும்போதே டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். கையில் மீட்டர் உள்ள பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடைக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 60 பிஎஸ்ஐயை ஒட்டி இருந்தாலே போதும். மேடுபள்ளமான சாலையில் கல்லாக அடித்த டயர் குதித்துக் குதித்து வேகத்தை இழக்கத்தான் செய்யும்.

ஆகவே இந்த வாரம் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஏரோபாரும் டயரும் முடிந்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால், 40 மில்லிமீட்டர் ஜோடி ஒன்றை ஜிஎஸ்டி எண் உள்ள பில்லோடு, ரிம்மில் பொறித்த தொடர் எண் அந்தப் பில்லிலும் எழுதப்பட்டிருக்கும்படி வாங்குங்கள். ஹூக்லெஸ்ஸா இல்லையா, அச்சின் அளவு உங்கள் பைக்கின் ஃபிரேமுக்குப் பொருந்துமா, பின்சக்கர ஹப்பில் உங்கள் பல்சக்கரத் தொகுதி ஏறுமா என்ற மூன்றையும் அவர் எழுத்தில் தரட்டும். போட்டிக்கு ஆறு வாரமாவது முன்னால் மாட்டி, விடியற்காலையில் மட்டும் ஓட்டிப் பழகாமல், காற்று ஏறிய பதினொரு மணிக்கும் ஒருமுறை தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து பாருங்கள்.