கண்மாய் வண்டல்: காசில்லை, அனுமதி வேண்டும்

கேள்வி: எங்கள் கண்மாய் வற்றிக் கிடக்கிறது. என்னுடைய இரண்டு ஏக்கர் செம்மண் புன்செய்க்கு வண்டல் அடிக்க நினைக்கிறேன். 'விவசாயத்துக்குத்தானே, யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்கிறார் டிராக்டர்காரர். சரிதானா?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: சரியில்லை. மண்ணுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அனுமதி கட்டாயம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-ல் 12-ஆம் விதி இதைச் சொல்கிறது. முன்பு ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. 2024-ல் அந்த அதிகாரம் வட்டாட்சியருக்கு வந்துவிட்டது. சிட்டா, அடங்கலுடன் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், உங்கள் கண்மாய் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பட்டியலில் இல்லாத கண்மாய்க்கு அனுமதி கிடைக்காது.

ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90. உங்களுக்கு 180 கன மீட்டர் வரும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஏறத்தாழ 63 யூனிட். பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம்தான். செம்மண்ணுக்கு இது நல்ல அளவு. கோடையிலேயே கொட்டிப் பரப்பிவிடுங்கள். கட்டி காய்ந்து, முதல் மழையில் உதிர்ந்ததும் உழுதால் நன்றாகக் கலக்கும். கண்மாய்த் தரையில் வெள்ளை பூத்திருந்தால் அது உப்பு. அந்த இடத்து மண்ணைப் பரிசோதிக்காமல் அள்ளாதீர்கள்.

எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைப் பொக்லைன்காரர் முடிவு செய்ய விடக் கூடாது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். வண்டிக்கு வசதி என்று கரையடியில் தோண்டுவார்கள். கண்மாய் பெருகும்போது பிடிமானம் இல்லாமல் கரை சரியும். மடைத் தளத்துக்குக் கீழே பறித்தால், அந்தக் குழியில் நிற்கும் நீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது. வண்டலுக்கு அடியிலுள்ள களியையும் வெட்டிவிட்டால் தண்ணீர் தங்காமல் கீழே இறங்கும். ஆகவே கரையை விட்டு உள்வாயில் (கண்மாயின் உட்புறத் தரையில்), அளந்து காட்டிய இடத்தில், வண்டல் கனத்துக்கு மட்டும் எடுங்கள். பறித்த குழியின் ஓரம் செங்குத்தாக நிற்காமல் சரிவாக இருக்கட்டும். ஆடுமாடும் குழந்தைகளும் இறங்குகிற இடம் அது.

கேள்வி: அனுமதியில் எடுத்த மண்ணில் மிஞ்சியதைச் செங்கல் சூளைக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கூடாது. விவசாயத்துக்கு என்று வாங்கிய அனுமதியில் ஒரு நடை சூளைக்குப் போனாலும் அது சட்டவிரோதக் கடத்தல். 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். வீட்டு உபயோகத்துக்கு 30 கன மீட்டரும், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டரும் தனி விண்ணப்பத்தில் கேட்கலாம். சூளைக்கு அந்தச் சலுகை இல்லை. வண்டி ஓட்டுநரிடம் அனுமதி ஆணையின் நகல் ஒவ்வொரு நடைக்கும் இருக்கட்டும்.