எல்லைப்புற நூலகத்தில் கோஹா: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு கிராம நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதிவேட்டை விட்டுக் கணினிக்கும், கோஹா போன்ற நூலக மென்பொருளுக்கும் மாறிக்கொண்டிருக்கும் அக்கம்பக்கத்து நூலகப் பணியாளர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, எனக்கு வயது 52. இத்தனை வருஷமாக ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையால் எழுதியே பழக்கம். இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? (நூலகப் பணியாளர், வடகரப்பதி)

தாராளமாக முடியும் அம்மா. 2006-இல் அமெரிக்காவின் ஷார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலன் ப்ளோவர்ஸ் என்பவர் தன் சக பணியாளர்களுக்காக 23 சின்னச் சின்ன வேலைகள் கொண்ட ஒரு பயிற்சி தொடங்கினார். வலைப்பூ, ஆர்எஸ்எஸ் (இணையதளங்களின் புதுப் பதிவுகளைத் தானாகத் திரட்டித் தரும் வசதி), விக்கி என்று ஒவ்வொன்றையும் அவரவர் வேகத்தில் தாங்களே செய்து பார்த்துக் கற்க வேண்டும். பிறகு பல நாட்டு நூலகங்கள் அதைப் பின்பற்றின. அந்தப் பட்டியல் இன்று பழசாகிவிட்டது, முறை பழசாகவில்லை. நம் ஊருக்கு என் வரிசை இது: முதலில் தமிழ், மலையாளத் தட்டச்சு. அப்புறம் கூகுள் ஷீட்டில் ஓர் அலமாரிப் புத்தகங்களை மட்டும் பதிந்து பாருங்கள். அதன் பிறகுதான் கோஹா. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கணினி சொல்லித் தராது.

கோஹாவா, இ-கிரந்தாலயாவா? (நூலகக் குழு உறுப்பினர், வேலந்தாவளம்)

இரண்டுக்கும் காசில்லை. இ-கிரந்தாலயா மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் தருவது. கோஹா 1999-இல் நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த திறமூல மென்பொருள். என் ஓட்டு கோஹாவுக்கு. கேரளாவில் பல கல்லூரி நூலகங்களில் அதுதான் ஓடுகிறது. சிக்கினால் கேட்க ஆள் பக்கத்திலேயே கிடைப்பார்.

ஔவையார் பாடல் தொகுப்பு எங்கள் அலமாரியில் இருக்கிறது. கணினியில் தேடினால் வரவே மாட்டேன் என்கிறது. கோஹாவுக்குத் தமிழ் ஆகாதா அக்கா? (தன்னார்வலர், கோபாலபுரம்)

ஆகும் தம்பி. நீங்கள் தேடியது 'ஔவையார்'. பதிந்தவர் அடித்தது 'ஒளவையார்', அதாவது ஒ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும் தனித்தனியாக. திரையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஔ தனி எழுத்து, அதனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். மௌனியும் கௌரியும் இப்படித்தான் 'மெளனி', 'கெளரி' என்று பதிவாகிக் காணாமல் போகிறார்கள். 'ஸ்ரீ'க்கும் இதே கதை. ஸ போட்டும் அடிக்கலாம், ஶ போட்டும் அடிக்கலாம். இன்னொன்று, தமிழ் எண் ௭ அப்படியே எ போல இருக்கும். சிலர் அதையே எழுத்தாக அடித்துவிடுகிறார்கள்.

அதற்காக 'ஒள' வருகிற இடத்தையெல்லாம் ஒரே அழுத்தில் 'ஔ' என்று மாற்றிவிடாதீர்கள். 'ஒளி' என்ற சொல்லிலும் அதே ஒ, ள வரிசைதானே இருக்கிறது? அது சிதைந்துபோகும். 'மெளனி'யைத் திருத்த, எகரக் கொம்புக்குப் பின் ள வருகிற இடத்தையெல்லாம் மாற்றினாலும் 'வெள்ளம்', 'வெள்ளி' எல்லாவற்றுக்கும் அதே ஆபத்து. 'ஒள', 'மெள', 'கெள' போன்ற வரிசை உள்ள பதிவுகளை ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி கிடையாது. இனிமேல் பதிபவர்கள் தமிழ்99 விசைப்பலகை பழகட்டும். அதில் ஔ-வுக்குத் தனி விசை உண்டு. ம அடித்து அந்த விசையைத் தட்டினால் சரியான 'மௌ' வந்துவிடும்.

கோஹாவை நிறுவித் தந்தவரிடமும் ஒன்று கேளுங்கள். கோஹாவின் தேடல் பொறியான ஸீப்ராவை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைத்திருக்கிறாரா? இந்திய எழுத்துகளுக்கு அதுதான் ஒத்துவரும். மாற்றினால் தேடல் அட்டவணையை மறுபடி முழுக்க உருவாக்கச் சொல்லுங்கள்.

ஒரு புத்தகம் தேடலில் வராவிட்டால் அது நூலகத்தில் இல்லாததற்குச் சமம். வாசகர் 'இல்லை போல' என்று திரும்பிப் போய்விடுவார். வேகமாகப் பதிவதைவிடச் சரியாகப் பதிவதைப் பற்றி நான் ஓயாமல் பேசுவது அதனால்தான்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) கொடுத்தால் விவரம் தானாக வந்துவிடும் என்கிறார்களே? (கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை)

இசட்39.50 என்ற வசதி வழியாகப் பிற நூலகங்களின் பதிவுகளை எடுக்கலாம். ஆங்கிலப் புத்தகங்களுக்கு அருமை. தமிழுக்கு அவ்வளவு கைகொடுக்காது. பழைய புத்தகங்களில் ஐஎஸ்பிஎன்னே இருக்காது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற இடங்களிலிருந்து எடுத்தால் தலைப்பு ரோமன் எழுத்தில் புள்ளியும் கோடுமாக வரும். அதை அப்படியே விட்டால் நம்மூரில் யார் தேடுவார்கள்? தமிழில் நீங்களேதான் அடிக்க வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். என் மகள் படிப்பதோ மலையாள மீடியம். அவள் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வாள்? (வாசகர், சித்தூர்)

நம் பகுதிக்கே உரிய கேள்வி, கேட்டதற்கு நன்றி அண்ணா. தமிழ்ப் புத்தகத்தைப் பதியும்போது நூலகப் பதிவுகளுக்கான வடிவமைப்பான மார்க் 21-இல், மாற்றுத் தலைப்புக்கான 246-ஆம் புலத்தில் தலைப்பை மலையாள எழுத்திலும் சேர்த்து விடுவேன். ஆசிரியர் பெயருக்கு ஆத்தாரிட்டி பதிவு (ஒரே ஆளின் பல பெயர் வடிவங்களை இணைக்கும் பதிவு) ஒன்று போட்டு, பாரதியார், சுப்பிரமணிய பாரதி, அதே பெயர் மலையாள எழுத்தில் என்று எல்லா வடிவங்களையும் 400-ஆம் புலத்தில் கொடுக்கலாம். ஆத்தாரிட்டி தேடலில் எந்த வடிவத்தைப் போட்டாலும் ஆள் கிடைப்பார். அலமாரியிலும் இரண்டு மொழிகளும் அடுத்தடுத்துதான் வரும். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்ணில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812. எல்லையில் இருக்கிற நூலகம் இதைச் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

புதுப் புத்தகம் வந்தால் வாட்ஸாப் குரூப்பில் போட்டால் போதாதா? (வாசகர், கோவிந்தாபுரம்)

போடுங்கள், ஆனால் குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் பெண் வாசகர்களின் எண் எல்லோர் கைக்கும் போய்விடும். நூலக எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் செய்தி போகும், அதை முதலிலேயே சொல்லி வையுங்கள். யார் எந்தப் புத்தகம் எடுத்தார், யார் திருப்பித் தரவில்லை என்பதை எங்கேயும் போடக் கூடாது.

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், எருத்தேன்பதி)

சார், முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. மலையாளத்திலிருந்து வந்த புத்தகமானால் மொழிபெயர்ப்பாளருக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

எல்லாம் கணினிக்குப் போய்விட்டால் பழைய ரெஜிஸ்டரை எடைக்குப் போட்டுவிடலாமா? (நூலகக் குழு உறுப்பினர், வேலந்தாவளம்)

வேண்டவே வேண்டாம். விலை, வாங்கிய தேதி, நன்கொடை கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அவசரத்தில் அவற்றை யாரும் கணினியில் ஏற்றியிருக்க மாட்டார்கள். கோஹா நாள்தோறும் காப்புப் பிரதி எடுக்கும்படி அமைத்திருந்தாலும், அது போய் உட்காருவது அதே கணினிக்குள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வாரம் ஒரு முறையாவது அந்தக் கோப்பை பென்டிரைவில் எடுத்து, நூலகத்துக்கு வெளியே நம்பகமான ஒருவர் வீட்டில் வையுங்கள்.