நெட்டி முறிக்கும் டாக்டர்

கேள்வி: வயது 52. பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாலையானால் பத்து விரல்களையும் நெட்டி முறித்தால்தான் நிம்மதி. மூட்டுவாதம் வரும் என்று மனைவி திட்டுகிறாள். ஒரு வருடமாகக் கழுத்தும் இடுப்பும் விறைத்துக்கொள்கின்றன. அதைக் காட்டப் போனால், மருத்துவரே என் எதிரில் நெட்டி முறிக்கிறார்! இது நெட்டியால் வந்ததா? குடி, புகை இல்லை. தோட்டத்து வீடு, போர்வெல் தண்ணீர், வீட்டுச் சாப்பாடு.

பதில்: அந்த மருத்துவரை மன்னித்துவிடுங்கள். நானும் அந்தக் கூட்டம்தான். முப்பது பேருக்குச் சீட்டு எழுதி முடித்தால் என் கை தானாக அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவரை அவருடைய அம்மா, அத்தைகள், பிறகு மாமியார் எல்லோரும் உங்கள் மனைவியைப் போலவே மிரட்டியிருக்கிறார்கள். மனிதர் இடது கையில் மட்டும் தினம் இரண்டு முறையாவது நெட்டி முறித்தார். வலது கையை அநேகமாகத் தொடவில்லை. இப்படி 50 வருடம்! 1998இல் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு எழுதினார்: எதிலும் மூட்டுவாதம் இல்லை. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2009இல் அவருக்குக் கிடைத்தது. அம்மா சொன்ன கீரைப் பெருமையையும் சந்தேகிக்கலாமோ என்று கேலியாகக் கேட்டிருந்தார். கீரை விஷயத்தில் நான் அம்மாக்கள் கட்சி.

ஒரே ஆளின் கை சாட்சி போதாதுதான். ஆனால் பலரின் கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வும் அதையே சொன்னது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழிதான் அந்தச் சத்தம். அதே விரல் உடனே மறுபடி சொடுக்காது, சுமார் 20 நிமிடம் ஆகும். வலியோ வீக்கமோ இல்லாதவரை முறித்துக்கொள்ளுங்கள். பேரனுக்குத் திருஷ்டி கழிக்க உங்கள் மனைவி மட்டும் முறிக்கமாட்டாரா என்ன!

கழுத்து, இடுப்பு விறைப்பில் எனக்கு உறுத்துவது நெட்டி அல்ல, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய போர்வெல். உங்கள் தருமபுரி மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். காவிரித் தண்ணீரைக் குழாயில் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் அது எலும்பில் படிந்து, கழுத்தும் முதுகும் இப்படி இறுகக்கூடும். வெறும் தேய்மானமாகவும் இருக்கலாம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர். முடிவோடு உங்கள் மருத்துவரிடம் போய், முதுகெலும்புக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள்.