விளையாட்டுப் போட்டிக்கு வரும் ரசிகர்களுக்கு டி-ஷர்ட் விற்கலாமா?

கேள்வி: நாங்கள் 14 பெண்கள் சேர்ந்து தையல் குழு ஒன்றை நடத்துகிறோம். துணி, சாயம், அச்சு எல்லாமே உள்ளூர் வேலை. அடுத்த ஆண்டு எங்கள் ஊரில் பெரிய சர்வதேசக் கால்பந்துத் தொடர் நடக்க இருக்கிறது. வெளியூர் ரசிகர்களுக்கு விற்க டி-ஷர்ட்டுகள் தயார் செய்யத் தொடங்கிவிட்டோம். பெரும்பாலானவற்றில் ஊர்ப் பெயரும் எங்கள் கையச்சுப் பூவும் இருக்கின்றன. ஆனால் 200 டி-ஷர்ட்டில் தொடரின் பொம்மைச் சின்னத்தைப் போட்டுவிட்டோம். 'இது அதிகாரபூர்வமானது அல்ல' என்று லேபிள் தைத்துவிட்டால் பிரச்சினை வராது என்கிறார் அச்சடித்துக் கொடுத்தவர். மைதான வாசலில் விற்கலாமா?

பதில்: அந்த லேபிளை நம்பி இறங்காதீர்கள். இதே எண்ணத்தோடு விற்ற ஒருவரின் வழக்கு ஐரோப்பாவின் உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. லண்டனில் ஆர்சனல் அணியின் மைதானத்துக்கு வெளியே 1970 முதல் அந்த அணியின் பெயர் போட்ட துணிகளை விற்றுவந்த கடைக்காரர் அவர். 'இவை அதிகாரபூர்வப் பொருட்கள் அல்ல' என்று கடையிலேயே பலகை வைத்திருந்தார். பலகை கடையில்தானே இருக்கிறது, துணி வாங்கியவரோடு ஊரெல்லாம் போகிறதே, அதைப் பிறகு பார்ப்பவர் அணி வெளியிட்டது என்றுதானே நினைப்பார் என்று 2002-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கேட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் அணியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் கடை போட்டிருந்தவருக்கே அந்தப் பலகை உதவவில்லை.

உங்கள் 200 டி-ஷர்ட்டில் சிக்கல் இரண்டு மடங்கு. பொம்மைச் சின்னம் ஓர் ஓவியம் என்பதால் அதற்குப் பதிப்புரிமை உண்டு. பெரும்பாலும் வணிகச் சின்னமாகவும் பதிவு செய்திருப்பார்கள். கையால் வரைந்தோம், கொஞ்சம் மாற்றினோம் என்பதெல்லாம் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற வரைக்கும் வாதமாகாது. ஒலிம்பிக் ஐந்து வளையம் என்றால் இன்னும் கடுமை. அதைக் காப்பதற்கென்றே 1981-ல் நைரோபியில் நாடுகள் தனி உடன்படிக்கை செய்துகொண்டன.

இனி ஊர்ப் பெயர் போட்ட துணிகளுக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, பந்தின் படமும் அப்படியே. ஆனால் ஊர்ப் பெயர், பந்து, தொடர் நடக்கும் ஆண்டு மூன்றையும் ஒரே சட்டையில் சேர்க்கும்போதுதான் கவனம் வேண்டும். பெரிய தொடர்களை நடத்தும் நாடுகள் பல, அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்துவிடுகின்றன. லண்டன் ஒலிம்பிக்குக்காக 2006-ல் இயற்றிய சட்டம், '2012' போன்ற சொற்களோடு 'லண்டன்', 'தங்கம்', 'கோடை' போன்றவற்றைச் சேர்த்து வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால், ஒலிம்பிக்கோடு தொடர்பு காட்டுவதாக நீதிமன்றம் கருதலாம் என்றது. தென்னாப்பிரிக்காவில் கால்பந்து, அந்நாட்டுக் கொடி, '2010' என்ற எண் மூன்றையும் மிட்டாய் உறையில் அச்சிட்ட நிறுவனத்துக்கு எதிராக 2009-ல் தீர்ப்பு வந்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் பெயரோ கோப்பைப் படமோ அந்த உறையில் இல்லை. இதற்கு நேர்மாறாக, 2006 உலகக் கோப்பையை வெறுமனே பெயர் சொல்லிக் குறிக்கும் சொற்களை ஒருவர் மட்டும் வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. நாட்டுக்கு நாடு மாறுகிற விஷயம் இது. அதனால் உங்கள் நாட்டில் இந்தத் தொடருக்காகத் தனிச் சட்டம் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெளிவான பதில் கிடைக்கும்வரை ஆண்டை விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரும் உங்கள் பூவும் மட்டும் போதும். தொலைவிலிருந்து வருகிறவர் தொடரின் முத்திரை போட்ட சட்டையை எங்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார், உங்கள் பூவை உங்களிடம்தான் வாங்க முடியும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உங்கள் வியாபாரத்தின் வலுவே அதுதான்.

வீரர்களின் முகம், கையெழுத்து வேண்டாம். ஒருவருடைய தோற்றத்தை அனுமதியில்லாமல் விற்பனைக்குப் பயன்படுத்துவதைப் பல நாட்டு நீதிமன்றங்கள் தடுக்கின்றன. புகைப்படத்தைப் பார்த்து அச்சடித்தால் புகைப்படக்காரரும் கேள்வி கேட்பார். தேசியக் கொடியிலும் நாட்டுக்கு நாடு விதி உண்டு. உதாரணமாக, இந்தியாவில் இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடியைப் பயன்படுத்தக் கூடாது.

சரி, இடம். துணியில் ஒரு குற்றமும் இல்லாவிட்டாலும் மைதான வாசலில் விற்க முடியாமல் போகலாம். 2014 உலகக் கோப்பைக்கான பிரேசில் சட்டம், மைதானத்தைச் சுற்றி 2 கிலோமீட்டர் வரை வணிகக் கட்டுப்பாட்டு எல்லை வைக்க இடம் கொடுத்தது. அப்போது சால்வடார் நகரில் 'அகராஜே' என்ற பலகாரம் விற்கும் பெண்களுக்கு மைதானப் பகுதியில் இடமில்லை என்ற நிலை வந்தது. அவர்கள் சேர்ந்து நின்றார்கள், கையெழுத்து திரட்டினார்கள், கடைசியில் சிலருக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. நீங்களும் 14 பேர் இருக்கிறீர்கள். இப்போதே குழுவின் பெயரில் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கும் எழுத்துமூலம் மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு எல்லை எதுவரை, ரசிகர்கள் கூடும் இடங்களில் உள்ளூர்க் கைவினைக்குக் கடை ஒதுக்குவார்களா என்று அதிலேயே கேளுங்கள். எல்லைக்கு வெளியே பேருந்து நிலையம், தங்கும் விடுதி வரவேற்பறை என்று வேறு இடங்களும் பேசி வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் கையச்சுப் பூவை வேறு யாராவது நகலெடுத்து மலிவாக இறக்கினால்? பல நாடுகளில் வடிவமைப்பைப் பதிவு செய்ய, அது வெளியே வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விற்பனை தொடங்கிய பிறகு போனால் தாமதமாகிவிடும். முதலில் வரைந்த தாள்கள், அச்சுக்கட்டை, தேதியுள்ள படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எப்போதாவது தொடரை நடத்துபவர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், பயந்து உடனே கையெழுத்தும் போடாதீர்கள். கூடவே அனுப்பும் உறுதிமொழிப் பத்திரத்தில் தவறை ஒப்புக்கொள்வதும் செலவைக் கட்டச் சம்மதிப்பதும் நடுவில் எங்காவது இருக்கும். கெடு தேதியைக் குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அந்த 200 டி-ஷர்ட்டை விற்கவோ, இலவசமாகக் கொடுக்கவோ, தொடர் முடிந்த பிறகு தள்ளுபடியில் தள்ளிவிடவோ வேண்டாம். உழைத்த துணி வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. படம் முன்பக்கம் மட்டும் என்றால் அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, உங்கள் பூ அச்சிட்ட துணியை அந்த இடத்தில் வைத்துத் தைக்க முடியுமா என்று பாருங்கள். அப்படி மாற்றிய ஒன்றை விற்பதற்கு முன்பு எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.