சத்து மாத்திரை சாப்பிட்டும் கறுப்பினக் கர்ப்பிணிகளுக்கு ஏன் வைட்டமின் டி குறைகிறது?

முதல் காரணம் தோல்தான். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். கருமை தரும் மெலனின் அந்தக் கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். வெப்பமண்டலத்தில் இது நல்ல பாதுகாப்பு. வட அமெரிக்காவின் குளிர்காலத்திலோ கதிரே போதிய அளவு வந்து சேர்வதில்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 200 கறுப்பின, 200 வெள்ளையினக் கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரசவ நேரத்தில் கறுப்பினத் தாய்மாரில் சுமார் 29 சதவீதம் பேருக்குக் குறைபாடு. வெள்ளையினத் தாய்மாரில் 5 சதவீதம். தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தால் கறுப்பினக் குழந்தைகளில் சுமார் 46 சதவீதம், வெள்ளையினக் குழந்தைகளில் சுமார் 10 சதவீதம். குழந்தைக்குக் கிடைப்பது தாயிடம் இருப்பதில் ஒரு பங்குதானே! இத்தனைக்கும் இவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பகால மாத்திரை எடுத்தவர்கள். அத்தகைய மாத்திரைகளில் வழக்கமாக இருக்கும் 400 யூனிட் வைட்டமின் டி, ஏற்கெனவே இருப்பு குறைந்தவரைத் தேற்றப் போதாது என்பதே என் கருத்து.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பின அமெரிக்கர்களுக்கு ரத்த அளவு குறைவாக இருந்தாலும் எலும்பு அடர்த்தி சராசரியாக அதிகம். ஆகவே ஒரே எண்ணை எல்லோருக்கும் எல்லைக்கோடாக வைப்பது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்காகக் குறைபாட்டை அலட்சியம் செய்யக் கூடாது. கடுமையானால் பிறக்கும் குழந்தைக்குக் கால்சியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

கருமையான தோல் உள்ள கர்ப்பிணிகள், குளிர்நாட்டில் வசிக்கும் நம்மவர்கள் உட்பட, மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை அளவை முடிவு செய்யுங்கள். தாமாகவே அளவைக் கூட்ட வேண்டாம்.