கொல்லையில் காடை: பெங்களூரு வாசகர்களின் கேள்வி பதில்

கே.ஆர்.புரம்: நாலு பேர் வீட்டுக்கு எத்தனை காடை, எவ்வளவு பெரிய கூண்டு?

பத்துப் பெட்டை போதும், தினம் ஏழெட்டு முட்டை கிடைக்கும். ஒன்று 10 கிராம்தான். ஐந்து சேர்ந்தால் ஒரு கோழிமுட்டை. கூண்டு 3 அடிக்கு ஒன்றரை அடி, உயரம் 10 அங்குலம். அதற்குமேல் வேண்டாம், மிரண்ட காடை செங்குத்தாக எம்பும், இரண்டடிக் கூண்டில் மண்டை உடையும். சுற்றிலும் அடியிலும் அரை அங்குல வெல்டு மெஷ். அறுகோணக் கோழிவலையை எலி கடித்துவிடும். கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி தூக்கி, எலி ஏறாதபடி கூண்டின் கால்களுக்குத் தகரக் கூம்பு மாட்டுங்கள். எலி உள்ளே வரவே தேவையில்லை, வலைக்குக் கீழிருந்தே தூங்கும் காடையின் காலைக் கடித்து இழுக்கும்.

ராமமூர்த்தி நகர்: சேவல் வேண்டுமா சார்?

முட்டைக்கு வேண்டாம். குஞ்சு பொரிக்க, மூன்று பெட்டைக்கு ஒன்று.

அல்சூர்: செப்டம்பரில் பத்துக்கு எட்டு போட்டது, இப்போது டிசம்பரில் மூன்றுதான். நோயா?

சுறுசுறுப்பாகத் தின்கிறது என்றால் முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். காடைக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். டிசம்பரில் இங்கே பகல் பதினொன்றரை மணிகூட இல்லை. டைமரில் ஒரு சின்ன எல்இடி: காலை 5 முதல் விடியும்வரை, மாலை இருட்டு முதல் 8 வரை. ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு அரைமணியாகக் கூட்டுங்கள். விடியவிடிய எரிந்தால் ஒன்றையொன்று கொத்தும். அடுத்து தீவனம். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தில் புரதம் போதாது, காடைக்கு 20 சதவீதமாவது வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கான பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரு பறவைக்கு நாளைக்கு 30 கிராம். மிச்சத்தை ராத்திரி எடுத்துவிடுங்கள். எலி.

கோரமங்களா: சேவல் சேராத முட்டையில் சத்தில்லை என்கிறார் மாமியார்.

சத்து தீவனத்திலிருந்து வருகிறது, சேவலிடமிருந்து அல்ல.

மறுபடி கோரமங்களா: பிறகு ஏன் ‘கரு முட்டை’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்?

வாங்க ஆள் இருப்பதால், மேடம்.

இந்திரா நகர்: ஆனால் சேவல் இருந்தால் பெட்டை கூடுதலாகப் போடுமே?

போடாது. இடுக்கமான கூண்டில் சேவல் பெட்டையின் பிடரி இறகைப் பிடுங்கி, முதுகைப் புண்ணாக்கும். ஒடுங்கிக் கிடக்கும் பெட்டை போடும் முட்டையும் குறையும். தெருவிளக்கு வெளிச்சத்தில் சேவல் நடுராத்திரி கூவும், மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மார்பு ஒரே செம்பழுப்பு என்றால் சேவல், கரும்புள்ளி என்றால் பெட்டை. மூன்று வாரத்திலேயே பிரித்துவிடலாம்.

ஹெப்பால்: சேவல் இல்லாமல் முட்டை...

மேலே பாருங்கள்.

பானஸ்வாடி: பெட்டை அடைகாக்குமா?

நாம் வளர்க்கும் ஜப்பானியக் காடை பெரும்பாலும் அடையில் உட்காராது. இன்குபேட்டரில் 37.5 டிகிரி, 17, 18 நாள். குஞ்சின் தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள், இல்லையென்றால் குஞ்சு மூழ்கும். காகிதம் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துபோகும்.

ஒசூர் ரோடு: வலை போட்டுப் பிடித்த காட்டுக் காடை மலிவாக வருகிறதே?

1972 வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். தொடாதீர்கள்.

மல்லேஸ்வரம்: எலிக்கு வீட்டுப் பூனையே போதாதா?

காடைக்கும் அதுவே போதும். தகரக் கூம்பை மாட்டுங்கள்.