டைனோசர்களின் வயது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். மகளின் புத்தகத்தில் 6.6 கோடி என்று இருக்கிறது. 2025இல் நியூ மெக்சிகோ எலும்புகளின் வயதையும் திருத்தினார்கள் என்று படித்தேன். கார்பன் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா? மாற்றிக்கொண்டே போனால் எதைத்தான் நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கார்பனை முதலில் ஒதுக்கிவிடலாம். கார்பன்-14, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது.

பெரும்பாலும் வயது பார்ப்பது எலும்பில் இல்லை, அது கிடந்த அடுக்கை ஒட்டிய எரிமலைச் சாம்பலில். அமெரிக்காவின் மொன்டானாவில் ஹெல் கிரீக் பகுதியில், கறுத்த நிலக்கரிக்கு நடுவே வெளிறிய கோடாகச் சாம்பல் ஓடும். அதைக் கழுவிச் சலித்தால் மணல் மணி போல சானிடின் என்ற கனிமத்தின் படிகங்கள் கிடைக்கும். அவற்றிலுள்ள பொட்டாசியம்-40 மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறுகிறது. பாறைக் குழம்பின் சூட்டில் இருக்கும்வரை வாயு தப்பிவிடும். வெடித்துச் சிதறி ஆறியதும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடிகாரம் ஓடத் தொடங்குவது அப்போதுதான். படிகங்களை அணு உலையில் வைத்தெடுத்து, லேசரால் ஒவ்வொரு மணியாகச் சூடாக்கி, வெளிவரும் ஆர்கானை அளக்கிறார்கள்.

சரி, வயது ஏன் கூடியது? நீங்கள் படித்த 6.5 கோடி ஒரு தோராயம். 2004இன் புவியியல் கால அட்டவணையிலேயே அது 6.55 கோடி. மிச்சம் எடைக்கல்லால் வந்தது. ஆர்கான் முறையில், வயது தெரிந்த படிகம் ஒன்றைக் கூடவே வைத்துத்தான் ஒப்பிட முடியும். கொலராடோவின் ஃபிஷ் கேன்யன் பாறைதான் அந்த எடைக்கல். அதன் வயதை 2.802 கோடி என்று கொண்டிருந்தார்கள். பூமியின் சுற்றுப்பாதை மாறி மாறி வந்த தடம் மொரோக்கோவின் பழைய கடற்படிவுகளில் பதிந்திருக்கிறது. 2008இல் அதை வைத்துச் சரிபார்த்தபோது 2.82 கோடி என்று வந்தது. எடைக்கல் திருந்தினால் அதை வைத்து நிறுத்ததெல்லாம் திருந்தத்தானே வேண்டும்? 2013இல் புவியியலாளர் பால் ரென்னின் குழு ஹெல் கிரீக் சாம்பலை அளந்து, அழிவின் வயது 6.604 கோடி என்றது. ஏமாற்ற நினைப்பவர்கள் இத்தனை பாடுபட மாட்டார்கள்.

நியூ மெக்சிகோ கதை வேறு. அங்கே சான் யுவான் படுகையில் அலமோசாரஸ் என்ற ராட்சதத் தாவர உண்ணியின் எலும்புகள் கிடக்கின்றன. அவற்றின் காலம் பற்றி நெடுநாள் தகராறு. இம்முறை மணற்பாறையிலிருந்தே சானிடின் மணிகளைப் பொறுக்கினார்கள். ஒரு மணற்பாறை, தன்னுள் இருக்கும் மிக இளைய மணியைவிடப் பழையதாக இருக்க முடியாது. அப்புறம், காலத்துக்குக் காலம் தலைகீழாகும் பூமியின் காந்தத் திசை பாறையில் எப்படி உறைந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து, அந்த விலங்குகள் அழிவுக்கு முந்தைய கடைசி நான்கு லட்சம் ஆண்டுகளுக்குள் வாழ்ந்தவை என்று காட்டின. வடக்கே டிரைசெராடாப்ஸ் மேய்ந்த அதே காலத்தில் தெற்கே வேறொரு கூட்டம் செழித்திருக்கிறது. விண்கல் விழும் முன்பே டைனோசர்கள் நலிந்துகொண்டிருந்தன என்ற வாதத்துக்கு இது பலமான அடி என்றே நான் நினைக்கிறேன்.

மகளைப் பரீட்சையில் 6.6 கோடி என்றே எழுதச் சொல்லுங்கள்.